புரோகிதர் போனார், பட்டியல் வந்தது!

“மணநாள் எது?”

கேட்டவர் அன்னையார் அல்லர், அண்ணன் அல்லர், ஊர்ப் பெரியவரும் அல்லர். கேட்டது கைப்பேசி! கொல்லிமலைச் செம்மேட்டில், பேருந்துக்குக் காத்திருந்த வேளையில், நண்பர் ஒருவர் பரிந்துரைத்த திருமண ஏற்பாட்டுச் செயலியைத் திறந்தோம். நம் பெயரைக் கேட்டது, கொடுத்தோம். நம்முடன் வாழ்க்கை ஒப்பந்தம் செய்துகொள்ள இசைந்துள்ள தோழியரின் பெயரைக் கேட்டது, அதையும் கொடுத்தோம். மூன்றாவது கேள்விதான், மணநாள் எது என்பது. நாள் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்ல அங்கே இடமில்லை. ஏதோ ஒரு நாளைத் தொட்டோம். தொட்டதுதான் தாமதம், வாழ்த்துச் சொல்லி, வாண வேடிக்கை காட்டி, செய்து முடிக்க வேண்டிய வேலைகள் என்று ஒரு பட்டியலை விரித்தது. காரவள்ளியிலிருந்து இம்மலைக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. பட்டியலின் வளைவுகளோ அதனினும் அதிகம்!

நூலைத் திறனாய்கிறோம், நாடகத்தைத் திறனாய்கிறோம், திரைப்படத்தைத் தீட்டித் தீர்க்கிறோம். செயலியை மட்டும் ஏன் கருவி என்று கருதி வாளா விடவேண்டும்? அதுவும் ஒருவர் எழுதியதே. அதிலும் சொல் உண்டு, வரிசை உண்டு, முன்னுரை உண்டு, மறைபொருளும் உண்டு. மக்கள் படித்துவிட்டு மூடிவைக்கும் நூலன்று அது. படித்தபடியே நடக்கும் நூல்! வேதத்தை விடவும் வேகமாகக் கீழ்ப்படியப்படும் நூலைத் திறனாயாமல் விடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. ஆகவே, மணவாழ்வை நோக்கி நிற்கும் இளைஞரும் இளநங்கையரும் எந்தச் செயலியைத் தேர்வது, எப்படித் தேர்வது என்பதை இங்கே ஆராய்வோம்.

இவ்வகைச் செயலிகளின் குலமுதல்வர் அமெரிக்காவினர். இணையத்தில் 1996ஆம் ஆண்டு தோன்றிய ‘தி நாட்’ என்னும் நிறுவனத்தின் பெயருக்கே ‘முடிச்சு’ என்று பொருள். மூன்று முடிச்சு நம் நாட்டுக்கே உரியது என்று எண்ணியிருந்தோர் வெட்கப்படத் தேவையில்லை. முடிச்சு எங்கும் உண்டு, அதை வைத்து வணிகமும் எங்கும் உண்டு! நம் நாட்டில் வெட்மீகுட், வெட்டிங்வயர் இந்தியா முதலியவை இத்துறையில் இயங்குகின்றன. மண்டபம், படப்பிடிப்பு, ஒப்பனை, அலங்காரம், அழைப்பிதழ், விருந்தினர் பட்டியல், வரவு செலவு என்று திருமணத்தின் உறுப்புகளை எல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தருவது இவற்றின் பணி. பயன்படுத்துவோரிடம் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. கேட்காததே கவனிக்கத்தக்கது, அதைப் பின்னர்க் காண்போம்.

நாம் இறக்கிப் பார்த்தவை மூன்று. அவற்றின் பெயர் இங்கு வேண்டா. பெயரைத் தாக்குவது நம் நோக்கமன்று, போக்கை ஆராய்வதே நோக்கம். மூன்றிலும் கண்ட பொதுப் பண்பு ஒன்று: பட்டியல் நாம் எழுதுவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது! மெஹந்தி இருந்தது, சங்கீத் இருந்தது, ஹல்தி இருந்தது. தமிழகத்து மலையொன்றில் வாழும் இருவர் கேட்டோமா இவற்றை? வடபுலத்துச் செல்வர் வீட்டு விழாவை அச்சாக வார்த்து, அந்த அச்சில் அனைவரையும் ஊற்றுகிறார்கள். புரோகிதருக்கு ஓர் இடம், முகூர்த்தத்துக்கு ஓர் இடம். மணமகளுக்கோ, ஆறு திங்களுக்கு முன்பிருந்தே தோலைப் பேணு, உடலைக் குறை, ஒப்பனைக்கு ஒத்திகை பார் என்று ஓயாத கட்டளை! மணமகனுக்கு? உடை அளவு கொடுத்தால் போதும், உத்தமன் ஆகிவிடுவான்!

இவற்றை எல்லாம் நகைத்துக் கடந்துவிடலாம். ஆனால் நம்மால் நகைக்க முடியாமற்போன நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. தோழியரின் தந்தையார் இம்மலையின் உழவர். சிறிது மிளகு, சிறிது காப்பி, வீட்டுக்கு வேண்டிய சாமை. இவ்வளவே அவர் நிலம் தருவது. பட்டியலைத் தோழியர் வேடிக்கையாகப் படித்துக் காட்ட, பெரியவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. அடியிலே நின்ற கூட்டுத்தொகையை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு நம்மைப் பார்த்து, “இத்தனையும் செய்யணும்னு போட்டிருக்குதே வாத்தியாரே! செய்யாம விட்டா உங்க பக்கத்துச் சனம் என்ன பேசும்? இப்போதைக்கு வட்டிக்கு வாங்குவோம், மிளகு வந்ததும் அடைச்சிக்கலாம்” என்றார்.

கேட்டீர்களா, தோழர்களே! வரதட்சணை கேட்கவில்லை நாம். சீர் கேட்கவில்லை, செனத்தி கேட்கவில்லை. ஆயினும் கடன் வாங்கப் புறப்பட்டார் ஒருவர். அவரை அனுப்பியது எது? ‘போட்டிருக்குதே’ என்ற ஒரு சொல்! அன்று சாத்திரத்தில் போட்டிருக்கிறது என்றார்கள்; இன்று செயலியில் போட்டிருக்கிறது என்கிறார்கள். போட்டவர் யார், எதற்காகப் போட்டார் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. புரோகிதர் மணையிலிருந்து எழுந்து போனார். அவர் விட்டுச் சென்ற மணையில் பட்டியல் வந்து அமர்ந்துகொண்டது!

பட்டியலை எதிர்த்துப் போரிட்ட வரலாறு நமக்குப் புதிதன்று. 1928ஆம் ஆண்டு, அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில் புரோகிதரின்றி நடந்ததே சுயமரியாதைத் திருமணம். அது பழைய பட்டியலில் விழுந்த முதல் கோடு. ஆனால் 1953ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம், இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. சாத்திரப் பட்டியலும் இல்லை, வழக்கமாகிப் போன மரபும் இல்லை, ஆகவே திருமணம் இல்லை! ஆயிரக்கணக்கான இல்லறங்களை அந்தரத்தில் நிறுத்திய இந்நிலையை மாற்றியது, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம். இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவு அப்படித்தான் பிறந்தது. முன்னர் நடந்த மணங்களும் அதனால் உயிர் பெற்றன.

அப்பிரிவு கேட்பது என்ன? உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிப்பது. அல்லது மாலை மாற்றிக்கொள்வது, அல்லது மோதிரம் அணிவிப்பது. அல்லது தாலி கட்டுவது. இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும்! முதல் வரைவில் இவை ‘உம்’ என்ற சொல்லால் கோக்கப்பட்டிருந்தன என்றும், அதைப் பார்த்த பெரியார் ‘அல்லது’ என்று மாற்றச் சொன்னார் என்றும் இயக்கத்தார் சொல்லி வருவதுண்டு. எண்ணிப் பாருங்கள்! மாலையும் மோதிரமும் தாலியும் என்றால் அது சுமை. மாலை அல்லது மோதிரம் அல்லது தாலி என்றால் அது உரிமை. ஓர் இடைச்சொல்லின் இடைவெளியில் ஒரு சமூகப் புரட்சியே ஒளிந்திருக்கிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு செயலியை அளந்து பார்த்தால் அதன் அடிப்படைக் குறை விளங்கும். செயலியின் இலக்கணம் முழுவதும் ‘உம்’ இலக்கணம்! மண்டபமும் மேடையும், மேடையும் மலரும், மலரும் ஒளியும், ஒளியும் ஒலியும் என்று அடுக்கிக்கொண்டே போகுமேயன்றி, ‘அல்லது’ என்று ஓரிடத்திலும் சொல்லாது. ‘இது வேண்டாமெனில் விடுக’ என்ற அறிவுரைக்கு அங்கே கட்டமே இல்லை. முடித்த வேலைக்கு எதிரே பச்சை அடையாளம் விழும். முடிக்காத வேலை செந்நிறத்தில் நின்று சுடும். வேண்டாம் என்று துணிந்தவனையும் செய்யத் தவறியவன் என்றே அது கணக்கிடும்!

ஏன் இப்படி? இங்கேதான், காசு கேட்காததன் காரணத்தைக் காணவேண்டும். மணமக்களிடம் வாங்காத காசை மண்டபக்காரரிடமும், படம் எடுப்பவரிடமும், அலங்காரம் செய்பவரிடமும் விளம்பரமாகவும் உறுப்பினர் கட்டணமாகவும் பெறுவது இத்துறையின் பொது வழக்கம். பட்டியலில் ஒரு வரி குறைந்தால் கடைத்தெருவில் ஒரு கடை குறையும்! அவர்கள் வணிகர், வணிகம் செய்வது குற்றமன்று. கடைக்காரரின் விலைப்பட்டியலை நம் கடமைப் பட்டியல் என்று நாம் மயங்குவதே குற்றம்.

பட்டியலில் இருப்பவற்றை விட இல்லாதவையே நம்மைத் திடுக்கிட வைத்தன. தோழியர் இம்மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், நாம் சமவெளியினர். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 2ஆம் பிரிவோ, மத்திய அரசு தனியே அறிவிக்கை செய்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்கு அச்சட்டம் பொருந்தாது என்கிறது. ஆகவே, நாம் நெஞ்சில் ஏந்தும் 7-அ பிரிவை மட்டும் நம்பி நிற்க நமக்கு இயலாது. நமக்குரிய வாயில் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதன்படி, இருவருள் ஒருவரேனும் 30 நாட்கள் தங்கியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலருக்கு எழுத்து மூலம் அறிவிப்புத் தரவேண்டும். அறிவிப்பு வெளியிடப்பட்டு 30 நாட்கள் கழியவேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்புத் தந்த மூன்று மாதத்திற்குள் மணம் நடவாவிடில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்த 30 நாள் அறிவிப்பு, சாதி கடந்து காதலிப்போரைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகவும் ஆகிவிடுகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆயினும் அதுதான் இன்றைய சட்டம். திருமணம் செல்லுமா செல்லாதா என்பதைத் தீர்மானிக்கும் இந்த நாட்கணக்கு, பன்னிரண்டு மாத அட்டவணை போட்டுத் தரும் செயலியில் ஒரு வரியேனும் உண்டா? நாம் பார்த்த மூன்றிலும் இல்லை!

வேறு முறையில் மணப்போருக்கும் இதே கதைதான். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009, எந்த மதத்தினராயினும் மணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்யப் பணிக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அதன் கீழ் 1985இல் வந்த விதிகள், மணமகளும் மணமகனும் தத்தமக்கு வந்த அன்பளிப்புகளை, கொடுத்தவர் பெயர், உறவு, ஏறத்தாழ மதிப்பு ஆகியவற்றுடன் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கச் சொல்கின்றன. அதுவன்றோ பட்டியல்! நாளை ஒரு பெண்ணின் வாழ்வு நீதிமன்றப் படியேறினால் அவளுக்குத் துணை நிற்கும் தாள் அது. மலரின் நிறத்துக்கு மூன்று வரி ஒதுக்குபவர், இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் உலகம் இடிந்தா விழும்? மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 நிறைந்ததா என்று முதற்பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எவருக்கும் அக்கேள்வியின் எடை தெரியும்.

பிரான்சு நாட்டைப் பாருங்கள்! 1792ஆம் ஆண்டு, புரட்சியின் அனலிலே, திருமணத்தைக் கோயிலிடமிருந்து எடுத்து ஊராட்சியிடம் தந்தார்கள். இன்றும் அங்கே நகரத் தலைவர் மன்றத்தில் நடப்பதே திருமணம். மாதா கோயில் மணி அடிப்பது அதன்பின் அவரவர் விருப்பம். எது வேண்டியது, எது விரும்பியது என்று பிரித்தறியும் தெளிவு அது. அந்தத் தெளிவைத்தான் செயலி குழப்புகிறது. விரும்பியதை வேண்டியதாக்கி, வேண்டியதை விட்டுவிடுகிறது.

செயலியில் இடம் பெறாத இன்னொன்று, இந்த மலையே! ‘உங்கள் நகரத்தைத் தேர்க’ என்ற கட்டத்தில் சென்னை உண்டு, கோவை உண்டு. வளப்பூர் நாடும் அரியூர் நாடும் சேலூர் நாடும் எங்கே? ‘நாடு’ என்று தம் ஊர்த்தொகுதிகளை அழைத்துக்கொள்ளும் கொல்லிமலை மக்கள், அந்த வணிகரின் நாட்டுக்குள் இல்லை. இங்கே சமைப்பவர் உண்டு, பறை முழக்குபவர் உண்டு, பந்தல் போட நூறு கைகள் உண்டு. விளம்பரம் கொடுக்க மட்டும் அவர்களிடம் பணமில்லை. ஆகவே அவர்கள் இல்லாதவர்கள்!

மலைவழக்கம் அனைத்தும் மாசற்றது என்று சொல்ல வரவில்லை. மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் தரும் மரபு இம்மக்களிடம் உண்டு. பெண்ணுக்கு விலையா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆயினும், பெண்ணைப் பெற்றவன் கடனாளி ஆகவேண்டும் என்ற சமவெளிக் கொடுமைக்கு அது நேர் எதிர்த்திசை. பரிசமும் வேண்டா, வரதட்சணையும் வேண்டா என்று இருபுறமும் அறுக்க வேண்டிய வேளையில், சமவெளிச் சுமையை மலைமேல் ஏற்றுவதற்குச் செயலி ஒரு சுமைவண்டி ஆகலாமா?

அப்படியானால் கைப்பேசியை மலைச்சரிவிலே வீசிவிடலாமா? வேண்டா! கருவியை வெறுப்பது பகுத்தறிவன்று. 2022 பிப்ரவரியில், கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மணந்த இணையர், ‘மெட்டாவெர்ஸ்’ எனும் கணினி உலகத்தில் வரவேற்பு நடத்தினர். தொற்றுக்காலத்தில் விருந்தினர் வீட்டிலிருந்தே கலந்துகொண்டனர். மறைந்துவிட்ட தந்தையின் உருவத்தை மகள் அந்த அரங்கிலே கண்டாள். அங்கே கருவி கட்டளையிடவில்லை. இருவரும் விரும்பியதை அது செய்தது. வேறுபாடு அதுதான். மதுரை, தேனி வட்டாரங்களில் மொய் எழுதக் கணினி வந்துவிட்டது. மொய்முறையின் குறைகள் வேறு பேச்சு. ஆனால் அந்த மென்பொருள் எங்கிருந்தோ வந்த விழாவைத் திணிக்கவில்லை, உள்ளூர்க் கணக்கை உள்ளவாறு எழுதுகிறது. கருவி ஊழியனாக இருக்கும்வரை நன்று. உபாத்தியாயர் ஆகும்போதுதான் தீது.

ஆகவே தேர்வுக்கு அளவுகோல் வகுத்தோம். முதற் கேள்வி: முன்னரே எழுதிவைத்த வரிகளை அழிக்க விடுகிறதா? அழிக்க விடாத செயலி சாத்திரம். அழிக்க விடுவது ஏடு. இரண்டாவது: இருவரும் தத்தம் கைப்பேசியில் ஒரே கணக்கைத் திறந்து திருத்த முடிகிறதா, அல்லது ஒருவரே உரிமையாளரா? இருவர் வாழ்வின் சாவி ஒருவர் மடியில் இருக்கலாகாது. மூன்றாவது: எந்தச் செலவு யாருடையது என்று எழுத இடமுண்டா? இல்லையேல், செலவு முழுவதும் பெண்ணைப் பெற்றவர் தலையில் சத்தமின்றி இறங்கும். நான்காவது: அலைத்தொடர்பு அற்ற மலைச்சரிவிலும் திறக்குமா, தமிழில் எழுதலாமா? தந்தையார் படிக்க முடியாத கணக்கு அவருக்குக் கணக்கன்று. ஐந்தாவது: கைப்பேசியில் உள்ள எண்கள் அனைத்தையும் அள்ளிக்கொள்ள அனுமதி கேட்கிறதா? 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாடு இது. உற்றார் உறவினரின் எண்களை அவர்கள் ஒப்புதலின்றி ஒரு வணிகரிடம் ஒப்படைக்க நாம் யார்?

முதற்செயலி முதற் கேள்வியிலேயே வீழ்ந்தது. இரண்டாவது, எண்களைத் தந்தாலன்றி உள்ளே விடமாட்டேன் என்றது, வெளியே நின்றுகொண்டோம். மூன்றாவது, குறையுடையதாயினும் அழிக்க விட்டது, இருவருக்கும் இடம் தந்தது, தமிழை ஏற்றது. அதையே தேர்ந்தோம். பிறகு, தோழியரும் நாமும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் அமர்ந்து செய்த வேலை என்ன தெரியுமா? அழித்தல்! ‘இது வேண்டுமா?’ என்று அவர் கேட்க, ‘அல்லது?’ என்று நாம் கேட்க, வரி வரியாக அழித்தோம். இறுதியில் எஞ்சியவை ஏழு: திருமண அறிவிப்பு, மூன்று சாட்சிகள், மாலை, சாமைச் சோற்று விருந்து, விருந்தினர் மலையேறப் பேருந்து, அன்பளிப்புப் பட்டியல், சான்றிதழ். ஏழினுள் நான்கு நாமே எழுதிச் சேர்த்தவை!

அந்த ஏழு வரிகளைத் தந்தையாரிடம் படித்துக் காட்டினோம். செலவை இரு கூறாக்கி, ஒரு கூறு தோழியரின் ஊதியத்திலிருந்தும் மறு கூறு நம் ஊதியத்திலிருந்தும் என்று எழுதியிருந்ததையும் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், “அப்ப மிளகை என்ன பண்றது?” என்றார். “விற்று, வீட்டுக் கூரையை மாற்றுங்கள், அப்பா!” என்றார் தோழியர்.

தோழர்களே! திருமணத்துக்குத் தேவையான ஒப்புதல் இருவருடையது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், 7-அ பிரிவின்படி நடக்கும் மணத்துக்கு ஊர் கூட்டிய விழாவோ வெளிப்படையான அறிவிப்போ கட்டாயமில்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. சட்டம் இவ்வளவு எளிதாக்கியதை, பட்டியல் மீண்டும் சிக்கலாக்க இடம் தரலாமா? செயலியைத் தேருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் திறந்தவுடன் முதலில் தேட வேண்டியது மண்டபத்தை அன்று, மலரை அன்று, அழிக்கும் பொத்தானை! அது இருந்தால் அமருங்கள். இல்லையேல் எழுந்து வாருங்கள். புரோகிதரையே எழுப்பி அனுப்பியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். பட்டியலை எழுப்பி அனுப்பவா நமக்குத் தெரியாது?